வீண் பயமும் வேண்டிய கவனமும்

"பாஸிடிவ்" என்ற ஒரு சொல் அச்சிட்ட காகிதம் கைக்கு வந்ததும், அதுவரை வீட்டில் எல்லோருக்கும் தைரியம் சொல்லி வந்த குடும்பத் தலைவியே கலங்கிவிடுகிறாள். கர்ப்பப்பையின் வாயில் ஹெச்.பி.வி. என்னும் கிருமி உண்டா என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவு அது. தனக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்றே அவள் தீர்மானித்துக்கொள்கிறாள். இங்கே பசுமலையிலும் மதுரையிலும் படித்த சகோதரிகள்கூட இவ்விதம் எண்ணித் தூக்கமின்றித் தவிக்கிறார்கள்.

உண்மை யாது? கிருமி இருக்கிறது என்பதை மாத்திரமே அக்காகிதம் தெரிவிக்கிறது. இக்கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருஷங்களுக்குள் உடம்பே அதை ஒழித்துவிடுகிறது. சிலரிடத்தில் அது ஒழியாமல் நெடுங்காலம் தங்கி, அவ்விடத்துத் திசுக்களைக் கெடுக்கத் தொடங்கும். அந்தக் கேடு புற்றுநோயாக முற்றுவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருஷங்கள் ஆகின்றன. இடையில் கண்டுகொண்டால் சிறு சிகிச்சையாலேயே அதை நீக்கிவிடலாம்.

வாய்விட்டுச் சொல்லக் கூசும் கவலை ஒன்றும் உண்டு. தாம்பத்திய உறவினால் பரவும் கிருமியாயிற்றே, இது யாரால் வந்தது? இக்கேள்வி நுழைந்த வீட்டில் நிம்மதி இராது. ஆனால், இக்கிருமி பல வருஷங்கள் எவ்வித அடையாளமும் காட்டாமல் உடம்பில் அடங்கிக் கிடக்கும். எப்பொழுது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல இயலாது. ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோரை ஆயுளில் ஒரு முறையேனும் இது பற்றுகிறது. ஆகையால் கணவரைச் சந்தேகிக்கவோ, மனைவியைப் பழிக்கவோ இக்காகிதத்தை ஆதாரமாகக் கொள்வது அநியாயமாகும்.

பயத்தை ஒதுக்கி அடுத்த அடி எடுத்து வைப்பதன் பலனை, நமக்கு அண்டையிலுள்ள திண்டுக்கல் ஜில்லாவின் கிராமப் பெண்கள் உலகுக்கே காட்டினார்கள். 2000-ஆம் வருஷத்தில் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். முறை வேறு, வினிகர் போன்ற திராவகத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது. 3,088 பேருக்குச் சந்தேகக் குறி தோன்றியது. அவர்களில் அநேகமாக எல்லோருமே மேற்பரிசோதனைக்கு இணங்கினார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் மற்றக் கிராமங்களைவிட 35 சதவீதம் குறைவு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஜில்லாவில் கிருமிப் பரிசோதனையையே செய்து பார்த்தபோது, மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2009-இல் தெரியவந்தது.

ஆகவே சகோதரிகளே, கவலையை மனத்தில் பூட்டிவைக்க வேண்டாம். கணவரிடமோ, தாயாரிடமோ, நம்பிக்கையான தோழியிடமோ சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எனக்கு மேற்பரிசோதனை இப்பொழுதே தேவையா? இல்லையெனில் மறுபடி எப்பொழுது வர வேண்டும்? எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்? மாதவிடாய் நின்ற பிறகோ, உறவுக்குப் பின்னரோ உதிரம் கண்டால் குறித்த நாள் வரை காத்திருக்கலாகாது.

டாக்டர் சொல்லும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பெண்களுக்குத் தங்கள் உடம்பைக் கடைசியில் கவனிப்பதே வழக்கமாகிவிட்டது. ஆகையால், அத்தேதியை நினைவூட்டி உடன் அழைத்துச் செல்லும் பொறுப்பை வீட்டிலுள்ள ஆண்கள் ஏற்பது நலம்.