வாற்பேய்களை இனங்காணல்

மாணவர்களே, மாரி காலத்தில் வயல் வரம்போரக் குட்டையில் காணப்படும் வாற்பேய்கள் (வாற்பேத்தைகள்) எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. நிறத்தையும் பருமனையும் மட்டும் கொண்டு இனங்காண முற்படுவது பலர் விடும் தவறாகும். வளரும்போது பருமனும், சூழலுக்கேற்ப நிறமும் மாறக்கூடும். எனவே வாயின் அமைவு, கண்ணின் அமைவு, வாற்செட்டை ஆகியவற்றை முதலில் நோக்குக.

இலங்கையில் காணப்படும் மூன்று வகைகளுக்கான எளிய இணைக்கவர்ச் சுட்டி வருமாறு:

1. (அ) வாய் தலையின் நுனியில் உள்ளது. உடல் ஒளி ஊடுபுகவிடும் – ஒடுங்கிய வாய்த் தவளை
(ஆ) வாய் தலையின் கீழ்ப்புறத்தில் உள்ளது – 2 ஐப் பார்க்க

2. (அ) கண்கள் தலையின் மேற்புறத்தில் உள்ளன, வாற்செட்டை தாழ்ந்தது, உடல் கருமையானது – சாதாரண தேரை
(ஆ) கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உள்ளன. வாற்செட்டை உயர்ந்தது – மரத்தவளை

இவ்வேறுபாடுகள் வாழும் முறையுடன் தொடர்புடையவை. தேரையின் வாற்பேய் கெரற்றினாலான தாடைகளால் கற்களில் படிந்த அல்காக்களைச் சுரண்டி உண்ணும். ஒடுங்கிய வாய்த் தவளையின் வாற்பேய்க்கு அத்தகைய தாடைகள் இல்லை. அது நீரில் மிதக்கும் நுண்ணங்கிகளை வடித்து உண்ணும்.

முட்டைகளும் துணைபுரியும். தேரை நீரினுள் நீண்ட சளிய இழைகளாக முட்டையிடும். இலங்கைக்கே உரித்தான மரத்தவளை இனமொன்று நீருக்கு மேலுள்ள இலைகளிலும் தொட்டிச் சுவர்களிலும் நுரைக்கூடு அமைக்கும். பொரித்த வாற்பேய்கள் கீழேயுள்ள நீரில் விழும்.

கவனிக்க: "எல்லாத் தவளைகளும் வாற்பேய்ப் பருவத்தைக் கடக்கும்" என எழுதுவது பிழையாகும். எமது மழைக்காடுகளில் வாழும் பற்றைத் தவளைகள் பல ஈரமண்ணில் முட்டையிடும். முட்டையிலிருந்து வாற்பேய் அன்றி, சிறு தவளையே வெளிவரும். குட்டையில் வாற்பேய் இல்லை என்பதால் அங்கு தவளையே இல்லை என முடிவு செய்யலாகாது.

மாதிரி வினா: வாற்பேயில் பின்னவயவங்கள் முதலில் வெளித்தெரிவது ஏன்?
விடை: முன்னவயவங்கள் பூக்களை மூடியுள்ள தோல் மடிப்பினுள் மறைந்து வளர்வதனாலாகும்.

செயற்பாட்டின்போது வாற்பேய்களைக் குட்டை நீருடனேயே வெண்ணிறக் கிண்ணத்தில் இட்டு, கைவில்லையால் நோக்குக. ஓர் இடத்தில் பிடித்ததை இன்னோரிடத்தில் விட்டால் நோய்கள் பரவக்கூடும். ஆகவே நோக்கி முடிந்ததும் எடுத்த குட்டையிலேயே விடுக.