அயல்மொழிப் பாடவாசிப்பில் விரைவு உத்திகளின் பயனும் எல்லையும்

முன்னுரை

கடலூர் தேவனாம்பட்டினத்திலுள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரியில், தமிழ்வழிப் பள்ளிக்கல்வி பெற்ற மாணவர்களும் இளங்கலையில் பகுதி இரண்டாக ஆங்கிலம் பயில்கின்றனர். அவர்களது பாடவாசிப்புக்கு விரைவு வாசிப்பு எந்த அளவு துணைபுரியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வேகமும் புரிதலும்

1959இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் தொடங்கிய பயிற்சி, கைவிரலால் வரியைத் தொடர்தல், மனத்துள் ஒலிப்பதைத் தவிர்த்தல் ஆகிய உத்திகளைப் பரப்பியது. எனினும், வேகம் மிகுந்தால் புரிதல் குறையும் என்பதை ரெய்னர் முதலானோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வுரை எடுத்துக்காட்டுகிறது. அயல்மொழியில் இத்தடை பெரிது. ஒரு பனுவலைத் துணையின்றிப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என ஹூ, நேஷன் (2000) ஆகியோர் கருதுகின்றனர்.

மொழியமைப்பும் தடையாகிறது. ‘வரவில்லை’ எனும் தமிழ்ச் சொல்லில் எதிர்மறை வினையோடு ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் அது ‘நாட்’ எனும் தனிச் சிறுசொல்லாக நிற்கிறது. சிறுசொற்களைத் தாண்டிச் செல்லும் வாசிப்பு, பொருளையே தலைகீழாக்கிவிடும்.

முடிவுரை

ஆகவே, தலைப்பையும் பத்தித் தொடக்கங்களையும் மேலோட்டமாக நோக்குதல், பெயர், ஆண்டு போன்ற குறிப்புகளைத் தேடிப் படித்தல் ஆகியன முன்வாசிப்புக்கும் மீள்பார்வைக்கும் ஏற்றவை. இடைப்பட்ட ஆழ்ந்த வாசிப்புக்கு அவை மாற்றாகா. வேகப்பயிற்சியை, மாணவர் அறிந்த சொற்களாலான எளிய பனுவல்களில் தனியே அளிப்பதே பொருத்தமாகும்.