வாக்குக் கேட்டு வருபவர்

தேர்தற் காலத்துச் சனி, ஞாயிறுகளில், மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் பெருவீதியில் அபேட்சகர்களின் வாகனங்கள் நாவுலவிலும் நிற்கும். 1989 முதல் மாவட்டம் முழுவதுமே ஒரு தொகுதி. ஆகவே விருப்பு வாக்கு வேண்டுவோர் சிங்களக் கிராமத்தையும் தமிழ்த் தோட்டத்தையும் ஒருங்கே மிதித்தாக வேண்டும். கூப்பிய கரமும் துண்டுப் பிரசுரமுமாக வரும் அவர், தாம் வந்த வழியின் கதையை அறிவாரா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர், மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வந்த வடபாதை இதுவே. வழியில் மாண்டோர் பலர். மலைநாட்டில் வேரூன்றிய அம்மக்கள் 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. ஒப்பந்தங்கள் பல கண்டு, எஞ்சியோர்க்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான்!

ஞாயிறு மாலை லயத்து வாசலில் நின்று அபேட்சகர் கேட்பது, ஒரு தலைமுறைக்கு மேல் இழந்திருந்து மீட்ட செல்வம். பிரசுரத்தை நீட்டுமுன் திண்ணையில் அமர்ந்து, காணியும் வீடும் பற்றி அவர்கள் சொல்வதைச் செவிமடுப்பாராயின், அதுவே அவ்வாக்குக்கு அவர் செலுத்தும் முதல் மரியாதை.