மலையேறி வந்த ஹோம் தியேட்டர்: இடி, ஈரம், கேட்காத வசனம்... சமாளிப்பது எப்படி?

மே மாதம். ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம். ஏரியைச் சுற்றி வண்டிகள் நகர இடமில்லாமல் நிற்கும். அங்கிருந்து விலகி வாழவந்தி பக்கம் போய்விட்டால் காட்சியே வேறு. காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். பகலெல்லாம் வெயில் அடித்திருந்தாலும் மாலையில் மேகம் கூடும். தூரத்தில் முதல் உறுமல் கேட்கும். அந்த நேரம் வீட்டில் ஒருவர் எழுந்து டி.வி ஸ்டாண்டை நோக்கி ஓடியாக வேண்டும். ஓடவில்லையென்றால், ஆசையாய் வாங்கிய ஹோம் தியேட்டர் அன்றோடு ஊமையாகிவிடலாம்!

மலைமேல் இருப்பவர்கள் புதுப்படத்தை நல்ல சவுண்டில் பார்க்க வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி சேலம் இறங்க வேண்டும். இரவுக் காட்சி என்றால் பனிமூட்டத்தில் திரும்பி வர வேண்டும். ‘அதற்கு வீட்டிலேயே ஒரு தியேட்டர் வைத்துவிடலாமே’ என்று நினைப்பது நியாயம்தான். சேலத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள பந்தமும் சும்மா இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் சேலத்தில் ஏற்காடு சாலையில்தான் நிற்கிறது. 1956-ல் வந்த தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. அன்று திரைக்குப் பின்னாலிருந்து மட்டுமே வந்த சத்தம், இன்று முன்னால், பின்னால், தலைக்கு மேலே என எல்லாப் பக்கமும் சுற்றுகிறது. தமிழில் 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. 2012 டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸில் வந்தது. 2014 முதல் அதே அட்மாஸ் வீட்டு ரிசீவர்களுக்கும் வந்துவிட்டது.

அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது?

ஏ.வி ரிசீவர் என்பது வீட்டுத் தியேட்டரின் மூளையும் தசையும். செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேம் கன்சோல் எல்லாம் இதில் வந்து சேரும். படத்தை டி.வி-க்கு அனுப்பிவிட்டு, சத்தத்தைப் பிரித்து, ஆம்ப்ளிஃபையர் மூலம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கொடுக்கும். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். 5.1.2 என்றால் கூரைப் பக்கம் இன்னும் இரண்டு.

நல்ல ரிசீவரும் ஸ்பீக்கர்களும் சேர்ந்தால் ஒரு பைக் விலையைத் தொடும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை வாட், எத்தனை சேனல் என்றுதான் விசாரிக்கிறார்கள். ஆனால், மலை வீட்டில் ஒரு ரிசீவரின் ஆயுளைத் தீர்மானிப்பது வாட் அல்ல. எர்த், காற்றோட்டம், வீட்டுக்காரர்களின் பழக்கம். அதிலும் எர்த்துக்கே முதலிடம்.

இடி எந்த வழியாக வருகிறது?

இடி வீட்டின் மீதே விழ வேண்டும் என்பதில்லை. தொலைவில் மின்கம்பிமீது விழுந்தாலும் அந்த அதிர்ச்சி கம்பி வழியே வீட்டுக்குள் வரும். பலரும் மறந்துவிடும் இன்னொரு வழி, மொட்டைமாடியில் இருக்கும் டி.டி.ஹெச் டிஷ். அங்கிருந்து கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸ், அதிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ வயர் வழியாக ரிசீவர், ரிசீவரிலிருந்து டி.வி எனச் சங்கிலி போல எல்லாவற்றையும் பதம் பார்த்துவிடும். ‘பிளக்கைப் பிடுங்கிவிட்டேனே, எப்படிப் போச்சு?’ என்று பலர் தலையில் கை வைப்பது இதனால்தான்.

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். எனவே, வானம் இருட்டத் தொடங்கும்போதே பிளக், டிஷ் கேபிள் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடவே கூடாது. பெட்டி போனால் போகட்டும், உயிர் முக்கியம். மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் உடனே ஆன் செய்யாமல், சில நிமிடங்கள் ஆற அமர விட்டுப் போடுவது நல்லது.

‘ஸ்டெபிலைசர் இருக்கிறதே!’ என்பார்கள். ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏறி இறங்குவதைத்தான் சமன் செய்யும். மின்னலின் கண்ணிமைக்கும் நேரத் தாக்குதலை அதனால் தடுக்க முடியாது. அதற்கு சர்ஜ் புரொடெக்டர் வேண்டும். அதுவும் நேரடி மின்னலுக்கு முழுக் கவசம் கிடையாது. தவிர, அதிர்ச்சியைத் தள்ளிவிட அதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் எர்த்.

மலையில் சிக்கலே இங்கேதான். பாறை நிலத்தில் எர்த் குழி ஆழமாகத் தோண்டுவது கஷ்டம். கரியும் உப்பும் போட்டு அமைத்த குழியும் கோடையில் காய்ந்தால் பலன் குறையும். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். சுவரில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. ரிசீவர் வாங்கும் முன் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து பார்ப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். இடி, வோல்டேஜ் கோளாறு இரண்டுக்கும் பொதுவாக வாரன்ட்டி கிடையாது என்பதையும் வாரன்ட்டி அட்டையில் படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரில் ‘ங்ங்...’ என்று விடாமல் இரைச்சல் வருகிறதா? பெரும்பாலும் அதுவும் எர்த், கேபிள் சம்பந்தப்பட்டதே. டிஷ் கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டார்! பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுவதே தீர்வு.

வெளியே குளிர், உள்ளே சூடு

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஜன்னல் வழியே பனிமூட்டம் நேராக ஹாலுக்குள் வரும். கண்ணாடியில் முத்து முத்தாக நீர் பூப்பதைப் போலவே பெட்டிக்குள்ளும் ஈரம் படியும். அதற்குள் இருக்கும் ரிலே என்ற சிறு சுவிட்சுகளின் முனைகள் மங்கிப்போகும். அப்போது ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென்று பேசாது. வால்யூமைக் கூட்டினால் ‘டப்’ என்று உயிர் வரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பயந்து புதிது வாங்கிவிடாதீர்கள். ரிலேவை மாற்றினால் சரியாகக்கூடிய கோளாறு அது. விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகளில் இது அதிகம் வர வாய்ப்புண்டு. வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் பாட்டு ஓடவிட்டால், பெட்டியின் சூடே ஈரத்தை விரட்டிவிடும். பூட்டிவிட்டுப் போகும் வீடு என்றால் ரிமோட்டில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் கசிந்து ரிமோட்டையும் கெடுக்கும்.

சூடு நல்லது என்பதற்காக மூடி வைத்துவிடவும் கூடாது. ரிசீவர் இழுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சத்தமாக மாறாமல் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. நம் வீடுகளில் டி.வி-க்கும் ரேடியோவுக்கும் பூப்போட்ட துணி போர்த்துவது பழைய பழக்கம். மேலே கல்யாண போட்டோ, செட்டாப் பாக்ஸ், பூ ஜாடி எல்லாம் வரிசையாக உட்காரும். ரிசீவரின் மேற்பகுதியில் இருக்கும் துளைகள் அதன் மூக்கு; அதைப் பொத்தினால் மூச்சு முட்டிப் பாதிப் படத்தில் அணைந்துவிடும். மேலேயும் பக்கங்களிலும் தாராளமாக இடம் விடுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வேண்டவே வேண்டாம். கதகதப்பைத் தேடி வரும் பல்லி, எறும்புக்கு இடம் கொடுக்காமல், தின்பண்டத் துணுக்குகள் சிதறாத இடமாக வைப்பதும் அவசியம்.

பாட்டிக்கு வசனம் கேட்கவில்லை!

ரிசீவர் வந்த முதல் வாரத்தில் எந்த வீட்டிலும் எழும் சண்டை இது. ஹீரோ காதலியிடம் மெதுவாகப் பேசுவார். பாட்டி ‘என்னடா சொல்றான்?’ என்பார். வால்யூம் ஏறும். அடுத்த நொடி வெடிகுண்டு வெடிக்கும். தூளியில் தூங்கும் குழந்தை அலறும். ‘லட்ச ரூபாய் கொட்டி இதைத்தான் வாங்கினியா?’ என்ற கேள்வி வரும்.

தவறு பெட்டியில் இல்லை, செட்டிங்கில். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி, டி.வி-க்குக் கீழே இருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அதை ஸ்டாண்டின் உள்ளே தள்ளி வைத்திருந்தால் முன்விளிம்புக்கு இழுத்து, உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்துங்கள். மெனுவில் சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். இரவில் நைட் மோட் அல்லது டைனமிக் வால்யூம் போட்டால் மெல்லிய பேச்சு உயரும், வெடிச்சத்தம் அடங்கும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு வயர் மாறியிருந்தாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கும். வயரின் ஒரே ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் தற்காப்புக்காகத் தானே அணைந்துவிடும். மாட்டும்போது இழைகளை முறுக்கிவிடுங்கள்.

பெட்டியோடு ஒரு சின்ன மைக் கொடுத்திருப்பார்கள். பலர் வீட்டில் அது பிரிக்கப்படாமலே கிடக்கும்! நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சத்தம் தருகிறது என்று ரிசீவரே அளந்துகொள்ளும். அந்தச் சில நிமிடங்கள் ஃபேன் ஓடக் கூடாது, குக்கர் விசில் கூடாது. மலையில் சில்வண்டுகள் கச்சேரி தொடங்கும் முன், நடுப்பகலில் செய்துவிடுவது உத்தமம்.

இன்னொன்று... பழைய இளையராஜா பாடல்களை எல்லா ஸ்பீக்கரிலும் அலறவிட வேண்டாம். ‘ஸ்டீரியோ’ என்ற பட்டனை அழுத்தினால், பதிவு செய்தபோது இருந்த இடத்திலேயே வயலினும் குரலும் வந்து உட்காரும். ஓ.டி.டி-யிலும் ஒரே படத்துக்கு மொழிக்கு மொழி ஒலித்தரம் மாறலாம். திரையில் 5.1 அல்லது அட்மாஸ் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் அட்மாஸை விலை கூடிய சந்தாவுக்கு மட்டுமே தருகின்றன.

கம்பெனியே சறுக்கிய கதைகள்

எல்லாப் பழியும் இடிக்கும் ஈரத்துக்கும் இல்லை. ஜப்பானில் 1946-ல் தொடங்கிய ஆன்கியோ நிறுவனம் 2009 முதல் 2012 வரை தயாரித்த சில மாடல்களில், திடீரென்று சத்தமே வராமல் போகும் கோளாறு இருந்தது. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, வாரன்ட்டி முடிந்த பெட்டிகளையும் அமெரிக்காவில் 2018 இறுதி வரை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. 2022-ல் அந்த ஜப்பானிய நிறுவனமே திவாலானது. பிராண்ட் பெயர் மட்டும் வேறு கைகளுக்கு மாறி வாழ்கிறது.

2020-ல் டெனான், மராண்ட்ஸ், யமஹா ஆகியவற்றின் புதிய ரிசீவர்களில் ஹெச்.டி.எம்.ஐ சிப் ஒன்று காலை வாரியது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் மாட்டி 4கே தரத்தில், நொடிக்கு 120 ஃபிரேம் வேகத்தில் விளையாடினால் திரை கறுத்துப்போனது. டெனானும் மராண்ட்ஸும் ஒரு சிறு அடாப்டர் பெட்டியை இலவசமாக அனுப்பின. யமஹா சர்க்யூட் போர்டையே மாற்றிக் கொடுத்தது. இரண்டு கதைக்கும் பாடம் ஒன்றுதான். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வாங்கியதும் சீரியல் நம்பரைப் பதிவு செய்யுங்கள். கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும்.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

* எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவிலிருந்து மச்சான் அன்போடு தூக்கி வரும் ரிசீவர் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கும். நம்முடைய 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைதான் வரும். அங்கு வாங்கியதற்கு இங்கு வாரன்ட்டியும் பொதுவாகச் செல்லாது.

* எந்த வாட்? அட்டையில் ஆயிரக்கணக்கில் போடும் பி.எம்.பி.ஓ வாட்டை நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ் அளவைக் கேளுங்கள். வாட் இரட்டிப்பானால் சத்தம் வெறும் 3 டெசிபல்தான் கூடும்.

* எங்கே சர்வீஸ்? பத்துக் கிலோ பெட்டியைச் சுமந்துகொண்டு மலை இறங்க வேண்டியது நீங்கள்தான். சேலத்தில் சர்வீஸ் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். தெர்மாகோலோடு வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அதுதான் காப்பாற்றும்.

* உண்மையிலேயே தேவையா? சின்ன அறை, பெரும்பாலும் செய்தியும் சீரியலும்தான் என்றால் ஒரு நல்ல சவுண்ட்பாரே போதும். மிச்சப் பணத்தில் எர்த்தைச் சரிசெய்யலாம். அது ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் சேர்த்தே காக்கும்.

வானம் இருட்டும்போது பிளக்கைப் பிடுங்கும் வேலையை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். மழை ஓய்ந்து, மின்சாரம் வந்து, சென்டர் ஸ்பீக்கர் வழியே வசனம் தெளிவாகக் கேட்கும்போது, ‘என்னடா சொல்றான்?’ என்று பாட்டி கேட்காமல் படம் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவு பணம் போட்டது அதற்குத்தானே!