ஏற்காடு ரைடுக்கு எம்டிபி டயர்: காசை எங்க போடணும், எங்க மிச்சம் பிடிக்கலாம்?

சேலம் அடிவாரத்துல இருந்து ஏற்காடு வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மூச்சு வாங்குறதுதான் பிரச்சினை. இறங்கும்போதுதான் டயர் எப்படின்னு தெரியும். அதுவும் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை மழை, அப்புறம் பனி. ரோடு ஈரமா இருக்கும், மரத்தடியில இலை உதிர்ந்து கிடக்கும், ஓரத்துல செம்மண் சேறு. அதனால குளிர்காலத்துக்கு முன்னாடி டயர் மாத்தணும்னு நினைக்கிறது சரிதான். எதை வாங்குறதுங்கறதுலதான் காசு வீணாகுது.

"வின்டர் டயர்" நமக்குத் தேவையா?

தேவையில்லை. ஐரோப்பாவுல விக்கிற வின்டர் டயர்ல ஆணி இருக்கும், அது ஐஸ் மேல ஓட்ட. இல்லைன்னா 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாத ரப்பர் இருக்கும். ஏற்காட்டுல குளிர்காலக் காலையிலகூட பொதுவா 10 டிகிரிக்கு மேலதான். நம்ம எதிரி ஐஸ் இல்லை. தண்ணி, இலை, சேறு.

முதல் வேலை: செலவே இல்லாதது

காத்தை சரி பண்ணுங்க. டயர் பக்கவாட்டுல குறைந்தபட்ச, அதிகபட்ச பிஎஸ்ஐ போட்டிருக்கும். நிறைய பேர் கல்லு மாதிரி அடிச்சு வைக்கிறாங்க. அந்த வரம்புக்குள்ளேயே கொஞ்சம் கீழ்ப்பக்கம் வைங்க, டயர் தரையில நல்லா படியும். ரொம்பக் குறைச்சா குழியில இடிச்சு ட்யூப் பஞ்சர் ஆகும்.

எந்த பட்டன் வாங்கறது?

நீங்க மலை ரோடு, 32 கிலோமீட்டர் லூப் ரோடுன்னு தார் ரோட்டுலயே ஓட்டுறவங்களா? நடுவுல நெருக்கமா, ஓரத்துல கொஞ்சம் பட்டன் இருக்குற டயர் போதும். பெரிய பட்டன் டயர் தார்ல முழுசா படியாது; வளைவுல பட்டன் மடங்கி ஆட்டம் காட்டும். காபி எஸ்டேட் மண்பாதையில போறவங்களுக்கு மட்டும் இடைவெளி விட்ட பெரிய பட்டன். சேறு ஒட்டிக்காம உதிரும்.

ரப்பர் மென்மையா இருந்தா பிடிமானம் அதிகம், ஆயுள் கம்மி. சில டயர்ல 60ஏ, 50ஏன்னு எண் இருக்கும். எண் குறைஞ்சா மென்மை. முன்னாடி மென்மையானது, பின்னாடி கடினமானது போடுங்க.

ஆன்லைன்ல ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி 54-584 மாதிரி எண்ணைப் பாருங்க. முதல் எண் அகலம், அடுத்தது ரிம் விட்டம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. 559ன்னா 26 இன்ச், 584ன்னா 27.5, 622ன்னா 29.

ஜோடியா வாங்காதீங்க

பின் சக்கரம் வழுக்கினா பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினா கீழே விழுறதுதான். ஆனா தேயுறது என்னவோ பின் டயர்தான் சீக்கிரம். அதனால புது டயர் எப்பவும் முன்னாடி. நல்லா இருக்குற பழைய முன் டயர் பின்னாடி. உதாரணத்துக்கு ஒரு டயர் 1,500 ரூபாய்னு வைங்க. ஜோடிக்கு 3,000 கொடுக்காம பாதியில முடிஞ்சிரும். மிச்சத்துல பிரேக் பேட் மாத்துங்க. ரிம் பிரேக்னா இது கட்டாயம், ஏன்னா ஈரத்துல நிக்கிற தூரம் கூடும்.

ஜிஎஸ்டி ஆஃபர்ல ஏமாறாதீங்க

2025 செப்டம்பர் 22ல இருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12%ல இருந்து 5% ஆச்சு. ஆனா சைக்கிள் டயருக்கும் ட்யூபுக்கும் அதுக்கு முன்னாடியே 5% தான். "ஜிஎஸ்டி குறைஞ்சதால டயர் விலை குறைப்பு"ன்னு யாராவது சொன்னா, அது வெறும் விளம்பரம்.

அப்போ தேய்ஞ்ச டயரையே ஓட்டலாமா?

கூடாது. மாசம் 30,000 சம்பளம்னா ஒரு நாளுக்கு 1,000 ரூபாய். விழுந்து எலும்பு முறிஞ்சு, லீவு தீர்ந்து 20 நாள் சம்பளம் போனா 20,000 நஷ்டம். கம்பெனி ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கும், சம்பள இழப்பைப் பார்க்காது. அதுக்கு முன்னாடி 1,500 பெரிய தொகையே இல்லை. அதோட, எதிர்ல பஸ் வர்ற வளைவுல விழுந்தா அது பணக் கணக்கே இல்லை.

வரிசையை ஞாபகம் வைங்க: காத்து, முன் டயர், பிரேக் பேட். அதுக்கப்புறமும் கையில காசு இருந்தா எஸ்ஐபில போடுங்க.