இரத்தம் கூடினாலும் ஆபத்து

“பிள்ளைக்கு இரத்தம் காணாது” என்பது எமது வீடுகளில் வழமையான பேச்சு. கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் அதற்கு நாம் அறிந்த பரிகாரம். ஆனால் இரத்தம் அளவுக்கு மிஞ்சுவதும் ஒரு நோயே. அந்நோயுள்ளவரின் சிவந்த முகத்தைக் கண்டு, “ஆள் நல்ல சுகம்” என்று நாம் எண்ணிவிடலாம். அவருக்கே ஒருநாள் திடீரெனப் பாரிசவாதம் வரக்கூடும். இது அரிதான நோய்தான். எனினும் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே இதன் தடயம் தெரிவதால், இதனை அறிந்து வைத்திருப்பது நன்று.

மச்சையில் நடப்பது என்ன?

எலும்புக்குள் இருக்கும் மச்சையே இரத்தத்தின் நாற்றுமேடை. செங்குழியம், வெண்குழியம், இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டு ஆகிய மூன்றும் அங்குதான் தேவையான அளவில் உருவாகின்றன. சிலரில், பெரும்பாலும் வயது சென்றவர்களில், இந்தக் கட்டுப்பாடு தவறிவிடுகிறது. செங்குழியம் பெருகுவது ஒரு நோய். சிறுதட்டு பெருகுவது இன்னொன்று. மச்சை நார்ப்பற்றி இறுகுவது மூன்றாவது. இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1951இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டமெஷெக் எடுத்துரைத்தார். 2005இல் முக்கிய காரணமொன்று தெரியவந்தது. அது ‘ஜக்-2’ என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றம். செங்குழியம் பெருகும் நோயுள்ள 100 பேரில் ஏறத்தாழ 95 பேரிடம் இம்மாற்றம் உண்டு. இது தொற்றுநோய் அல்ல. யாருடைய குற்றமும் அல்ல.

வாய்க்காலில் சேறு கூடினால் நீரோட்டம் மந்தமாகும். இரத்தம் தடித்தாலும் அப்படித்தான். அத்துடன் இந்நோயில் குழியங்கள் ஒன்றோடொன்றும் குழாய்ச் சுவரோடும் எளிதில் ஒட்டுகின்றன. இதனால் மூளை, இருதயம், கால், ஈரலைச் சார்ந்த நாளங்கள் ஆகியவற்றில் இரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

குளித்தபின், விசேடமாகச் சுடுநீரில் குளித்தபின், தோலில் எதுவும் தெரியாமலே உடம்பு கடித்தல், விரல்களும் உள்ளங்காலும் சிவந்து எரிதல், விடாத தலையிடி, இடது விலாவின் கீழ்ப் பாரம். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் தொடர்ந்தால் முழு இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் எண்ணெய் பூசி உருவ வேண்டாம். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை வந்தால் ஒரு மணி நேரமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வைத்தியம் உண்டு

செங்குழியம் கூடியவருக்கு நாளத்திலிருந்து இடையிடையே இரத்தம் எடுப்பார்கள். டெங்குக் காலத்தில் நாம் கேட்டுப் பழகிய ‘பி.சி.வி.’ அளவே இதற்கும் அளவுகோல். 2013இல் இத்தாலியில் 365 நோயாளரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. அந்த அளவை 45க்குக் கீழ் வைத்திருந்தவர்களில் 100க்கு 3 பேர் வரையிலும், 45க்கும் 50க்கும் இடையில் விட்டவர்களில் 100க்கு 10 பேர் வரையிலும் கடுமையான இரத்த உறைவுக்கோ இருதய, இரத்தக்குழாய் நோயால் மரணத்துக்கோ ஆளாகினர். குறைந்த அளவு அஸ்பிரினும் உறைவைக் குறைக்கும் என 2004இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் முன்னர் உறைவு வந்தவர்களுக்கும் ஹைட்ரொக்சியூரியா போன்ற மாத்திரைகளும் தரப்படும்.

ஆனால் அஸ்பிரினைத் தாமாகத் தொடங்கக்கூடாது. சிறுதட்டு மிக அதிகமானால் மாறாக இரத்தம் கசியலாம். அஸ்பிரின் எடுப்பவர் காய்ச்சல் கண்டதும் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். டெங்குவில் அது ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையையும் கேளாமல் எடுக்க வேண்டாம். ஹைட்ரொக்சியூரியா எடுப்பவர்கள் வெயிலில் உடம்பை மூடி வேலை செய்யட்டும்; காலில் ஆறாத புண் வந்தால் காட்டட்டும். புகைத்தலை விடுங்கள்; தண்ணீர் போதியளவு குடியுங்கள்.

சுகமாக இருக்கிறதென்று கிளினிக்கை நிறுத்துவதே பெரும் தவறு. வலி இல்லாத நாட்களிலும் இரத்தம் தடித்துக்கொண்டிருக்கும். இடம் மாற நேர்ந்தால் காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள். மருந்தின் பெயரையும் கடைசிப் பரிசோதனை அளவையும் வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும். புதிய இடத்துக்குப் போனதும் முதலில் அங்குள்ள கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு கொப்பி ஓர் உயிரைக் காக்கலாம்.