யார் வெல்வார்?

அட்டனை அடுத்த தோட்டமொன்றில், காமன் கம்பம் நடும் பொட்டலின் ஓரத்தில், மாணவர் இருவர் அண்மையில் கடுஞ்சொற்போர் நிகழ்த்தக் கண்டேன். முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் தத்தம் முழு வலிமையோடு ஒரே மேடையில் எதிர்ப்பட்டிருந்தால் வெற்றி யாருக்கு என்பதே வழக்கு. 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தைக் கைப்பேசியிற் பார்த்ததனால் மூண்ட ஆர்வம் அது. என்னைக் கண்டதும், “ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று இருவரும் ஒருங்கே கேட்டனர். நடவாத போருக்குத் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. ஆயினும் ஆசிரியன் நழுவிப் போதலும் முறையன்று.

இத்தகைய வழக்கு தமிழுக்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைப் புறநானூறு போற்றி வைத்திருக்கிறது. அப்போரைக் குறித்து நக்கண்ணையார் பாடிய பாட்டொன்றில், வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும், இல்லை என்று மறு சாராரும் கூறுவதைக் காண்கிறோம். கண்முன் நிகழ்ந்த போருக்கே ஊர் இருபிரிவாயிற்று எனின், நிகழாத போருக்குப் பிரிவு உண்டாதலில் வியப்பென்ன? காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடியவர்களின் வழிவந்தோர்தாமே நாம்!

நிற்க. வழக்கை ஆராய ஓர் அளவுகோல் வேண்டும். அதனை வள்ளுவர் வகுத்துத் தந்திருக்கிறார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து அவர் வைத்த மூன்று அதிகாரங்களும் அரசர்க்கேயன்றி மல்லர்க்கும் பொருந்துவன.

முதலில் வலியை நோக்குவோம். மார்சியானோ 49 போட்டிகளில் இறங்கி, 49இலும் வென்று, அவற்றுள் 43இல் எதிரியை வீழ்த்தி, 1956இல் தோல்வியறியாது ஓய்வு பெற்றவர். உயரம் 5 அடி 10 அங்குலம் அளவே. எடை 185 இறாத்தலைச் சூழ்ந்தது. உடலைக் குனித்து, அடிவாங்கியபடியே முன்னேறி, எதிரியின் மார்போடு நெருங்கி இடிப்பது அவர் முறை. 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டோடு பொருதபோது முதற்சுற்றிலேயே வீழ்ந்தார், புள்ளிகளிலும் பின்தங்கினார், ஆயினும் 13ஆம் சுற்றில் வலக்கையின் ஒரே குத்தினால் உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார்.

அலியோ 6 அடி 3 அங்குல உயரத்தார். கைவீச்சில் மார்சியானோவினும் ஏறத்தாழ 10 அங்குலம் மிக்கவர். கால்களின் ஓட்டமே அவருக்குக் கேடயம்; இடக்கையின் நேர்க்குத்தே வேல். 1966இல் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே சுற்றில் வென்றபோது அவர் திறன் உச்சியில் நின்றது. எனினும், கைகளைத் தாழ்த்தித் தலையைப் பின்சாய்த்துத் தப்பும் வழக்கம் அவருக்கு உண்டு. அவ்வழக்கத்தின் விலையை 1963இல் ஹென்றி கூப்பரின் இடக்கை அவருக்குக் காட்டிற்று.

அடுத்துக் காலம். இரவில் வலிய கூகையைப் பகலில் காகம் வென்றுவிடும் என்பது காலமறிதலின் கருத்து. எந்த அலி, எந்த மார்சியானோ என்று கேளாமல் விடை கூறலாகாது. மார்சியானோ வென்றபோது ஜோ லூயிக்கு அகவை 37, வால்காட்டுக்கு 38. அலிக்கும் 1967 முதல் 1970 வரை, போருக்குச் செல்ல மறுத்தமையால், மேடை மறுக்கப்பட்டது. மீண்டு வந்தவரிடம் பழைய கால்கள் இல்லை. 1971இல் ஜோ பிரேசியர் அவரை 15ஆம் சுற்றில் வீழ்த்திப் புள்ளிகளாலும் வென்றார். பிரேசியரோ குனிந்து, நெருங்கி, ஓயாது இடிப்பவர். முறையில் மார்சியானோவுக்கு உடன்பிறந்தார் போன்றவர். 1974இலும் 1975இலும் அவரை அலி வென்றார் என்பதும் மறக்கத்தக்கதன்று. இம்மூன்று போட்டிகளுமே நம் வழக்குக்குக் கிடைக்கும் சிறந்த சான்று.

ஆதலின் என் கருத்து இது: 1966ஆம் ஆண்டு அலியாயின் வெற்றி அவருக்கே. மார்சியானோவின் முகம் எளிதிற் கிழிபடுவது; 1954இல் எசார்டு சார்லஸோடு நிகழ்ந்த இரண்டாம் போரில் அவர் மூக்கு பிளந்தது. நெருங்குமுன் நேர்க்குத்துகள் அவர் முகத்தைச் சிதைத்திருக்கும். 1971ஆம் ஆண்டு அலியாயின், யான் மார்சியானோவின் கட்சியிலேயே அமர்வேன்.

இவ்வழக்கைத் தீர்க்க ஒரு கருவியையும் நாடினர். 1967இல் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மரி வொரோனர், பழைய வீரர்களின் குறிப்புகளைக் கணிப்பொறியில் இட்டு, கற்பனைப் போட்டிகளை ஒலிபரப்பினார். அதில் தம்மைத் தோற்றவராக்கியதற்காக அலி வழக்குத் தொடுத்தார். பின்னர் 1969இல் அலியும் மார்சியானோவும் ஒப்பனைப் போர் ஒன்றில் நடித்தனர். 45 அகவையான மார்சியானோ உடல் மெலிந்து, பொய்முடி சூடி வந்தார். முடிவுகள் பலவாறாகப் படமாக்கப்பட்டன. அவ்வாண்டு ஆகத்து 31இல் மார்சியானோ விமான விபத்தில் மாண்டார். 1970 சனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் 13ஆம் சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவிலோ அலி வெல்லும் முடிவு காட்டப்பட்டது. ஒரே துலாக்கோல், இரண்டு நிறை!

கொழுந்து நிறுக்கும் தராசின்முன் நின்றவர்களுக்கு இது விளங்கும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதைப் பார்த்து நிற்கும் நம் பெண்களுக்கு, நிறையைக் காட்டுவது முள் ஆயினும் எழுதுவது கை என்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

பிறரைக் குறை கூறுவானேன்? யானும் ஒருகால் அவ்வாறு நிறுத்தவனே. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில், மேற்பிரிவு லயத்திலிருந்து ஒரு சிறுவன் நாள்தோறும் நேரங்கழித்து வருவான். கேட்டால் வாய் திறவான். அவன் தாய் மலையிலிருந்து கூடையோடு வந்து கேட்டபோது, “இவனுக்குப் படிப்பு வராது” என்றேன். “ஐயா சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்” என்று கூறி, அவள் அவனைப் பள்ளியினின்று நிறுத்திவிட்டாள். மறு ஆண்டு அவன் மாமன் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, அருகிலிருந்த பள்ளியிற் சேர்த்தார். இன்று அவன் கணித ஆசிரியன்.

யான் அவன் வலியை மட்டும் நிறுத்தேன். விடிந்ததும் விடியாததுமாகத் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மழையில் மலையிறங்கி வந்த அவனுடைய காலத்தையும் இடத்தையும் நிறுத்தேனில்லை. முதலை நீருள் வெல்லும், கரையில் தோற்கும் என்று இடனறிதலை அவன் வகுப்பிற்கே நடத்தியவன் யான்!

அலியைக் குறித்து யான் பிழைபடக் கூறினால் எவருக்கும் இழப்பில்லை. அச்சிறுவனைக் குறித்துக் கூறிய பிழைக்கோ ஓர் ஆண்டுக் கல்வி விலையாயிற்று. மாணவர் எதிர்காலத்தை மதிப்பெண் ஒன்றே கொண்டு கணிக்கும் ஆசிரிய நண்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

பொட்டலோரத்து மாணவர்க்கு என் தீர்ப்பைக் கூறினேன். “அப்படியென்றால் வென்றது யார், ஐயா?” என்று மீண்டும் கேட்டான் ஒருவன். எந்த ஆண்டு என்று முதலிற் சொல் என்றேன். இருவரும் ஆண்டைக் குறித்து வழக்காடத் தொடங்கினர். பனி இறங்கிய பின்னும், லயத்துப் படிவரையில் அவர்கள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.